கூம்பு உப்பு

கனம் என்ற சொல்லை அந்த அக்காவின் வாயிலிருந்து நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் அதை எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும் என்று முயன்றவர்களில் நானும் ஒருவன். மலை ஏற்றத்தின் நடுவில், தலைச்சுமையோடு அவளுக்கு மூச்சு இரைக்கும் நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே திரும்பிக் கேட்பேன்.

"ஏனக்கா, கழுத்து தோளுக்குள்ள போயிருச்சாட்ட இருக்குது. கனமா?"

"இருக்குது சாமி. நீ முன்னால பாத்துப் போ. வழுக்கி உழுந்தீன்னா உன்ர மூட்டையையும் நாந்தான் தூக்கோணும்."

முன்னால் பார்த்து நடப்பேன். சொன்னதைச் செய்துவிடக்கூடியவள் அவள்.

அந்த "இருக்குது" அவளாகக் கண்டுபிடித்த பேச்சல்ல. மலையில் சுமை தூக்கிய எங்கள் எல்லாருக்கும் பொது. இன்னொருவர் தலையில் சுமையை ஏற்றிவிடுகிறவர், கையை எடுப்பதற்கு முன் "இருக்குதா?" என்று கேட்க வேண்டும். சுமை சரியாக உட்கார்ந்திருந்தால் சுமப்பவர் "இருக்குது" என்பார். அதற்குப் பிறகு வழியில் என்ன ஆனாலும், காலே முறிந்தாலும், ஏற்றிவிட்டவர் மேல் பழி இல்லை. ஒத்துவரவில்லை என்றால் "எறக்கு" என்ற ஒரு சொல் போதும். ஏன், எதற்கு என்று கேட்காமல் இறக்கிவிட வேண்டும். எங்களுக்கென்று இருந்த சட்டம் அது ஒன்றுதான். அடிவாரத்து மண்டிக்காரர்கூட அதை மீறியதில்லை. மீறினால் மலையிலிருந்து ஒரு தலை இறங்காது என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு நாளைத் தவிர, அந்த அக்கா "எறக்கு" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருப்பாள், கண் சிவந்திருக்கும். ஏற்றிவிடுகிறவனுக்கே பரிதாபமாக இருக்கும். "இருக்குதா?" என்று இழுப்பான். "இருக்குதுங்க" என்று வெடுக்கென்று வரும். பிறகு அவளிடம் பதிலுக்காகக் காத்திருக்கும் பழக்கமே போய்விட்டது. கேட்கிற வாய் மூடுவதற்குள் கையை எடுத்துவிடுவார்கள்.

அவளுக்குத் திண்ணனூர் நாடு, எனக்குக் குண்டூர் நாடு. ஆள் குள்ளம். பாதம் மட்டும் அகலம். பேசும்போது தலையைத் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். சுமை இல்லாதபோதும் அப்படித்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முழு ஆளாக நகர்ந்து உட்காருவாள். "அக்காளுக்குக் கழுத்துல ஒத்த எலும்புதான்" என்று கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போதும் கழுத்து அசையாது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் கிளை ஒன்று பாதைக்குக் குறுக்கே தாழ்ந்து கிடக்கும். மூட்டையோடு போகிறவர்கள் அங்கே முழங்காலை மடித்துக் குனிந்து நுழைய வேண்டும். வெறுந்தலையோடு போனால் அவளைப் போன்ற குள்ளமான ஆளுக்கு அந்தக் கிளை எட்டவே எட்டாது. அவள் அங்கே குனிவதைப் பார்க்க வேண்டும். தலையும் இடுப்பும் ஆடாமல், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக இறங்கி நேராக எழுவாள். எனக்கு அது வரவே இல்லை. மூட்டையைக் கிளையில் முட்டி வசவு வாங்கியதுதான் மிச்சம்.

எங்கள் வேலை இதுதான். விடிந்ததும் மிளகு, கடுக்காய், வாழைத்தார், பலா என்று அந்தந்தப் பருவத்துச் சரக்கோடு இறங்குவோம். அடிவாரத்து மண்டியில் இறக்கிவிட்டுக் கூழைக் குடிப்போம். பிறகு மண்டிக்காரருடைய மேல்கடைக்கு வேண்டிய உப்பு, சீமெண்ணெய், கருவாடு, துணி என்று சுமந்துகொண்டு ஏறுவோம். மண்டி அவருடையது, மலைமேல் இருந்த கடை அவருடையது, கடுக்காய் பொறுக்கும் காட்டுக் குத்தகையும் அவருடையது. வேறு இடம் பார்த்துப் போக வேண்டியதுதானே என்று இன்று யாராவது கேட்கலாம். எங்கள் இறக்கத்துக்கு வேறு மண்டி கிடையாது. எஸ்டேட்டுக்குப் போனவர்கள் குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. எங்கள் நிலத்தில் சாமை விளைந்தது, தினை விளைந்தது. உப்பு விளையவில்லை.

கூலியும் உப்புதான். நேற்று ஏற்றிய சுமைக்கு இன்று காலை ஒரு படி. ஆணுக்கும் ஒரு படி, பெண்ணுக்கும் ஒரு படி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆணுக்கு அளக்கும்போது படியின் தலைக்கு மேல் உப்பு கூம்பாக எழும்பி, இனி நிற்காது என்று சரியும் வரை மண்டிக்காரர் கொட்டுவார். பெண்ணுக்கு அளந்தால் முன்கையை வைத்து ஒரே வழி வழித்துவிடுவார். கூம்பு மூட்டைக்கே திரும்பிப் போகும். உப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஆம்பளைச் சுமை, கருவாடும் துணியும் பொம்பளைச் சுமை, அதனால்தான் இந்த வித்தியாசம் என்பது அவர் கணக்கு. இடுப்பில் பிள்ளையோடு ஏறியவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

கூம்பில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். படிக்குள் இருக்கும் உப்பு வீட்டுச் செலவுக்கும் மேல்கடைக் கடனுக்கும் சரியாகப் போய்விடும். கூம்பைக் கொடுத்துத்தான் ராகியும் மிளகாயும் மாற்றிக்கொள்வோம். கூம்பு வருகிற வீட்டில் கூழ் கெட்டியாக இருக்கும். எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள்கூட, "மாப்ள கூம்பு வாங்கறாரா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

அந்த அக்கா வீட்டிலும் கூம்பு வந்துகொண்டுதான் இருந்தது. அவள் புருஷன் எங்களோடு சுமந்தவர், நல்ல நையாண்டிக்காரர். ஒரு பலாப் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. பாயோடு பாயாகிவிட்டார். வரிசையில் அவர் நின்ற இடம் சில நாள் காலியாக இருந்தது. பிறகு ஒரு காலையில் அந்த இடத்தில் அக்கா வந்து நின்றாள். அதுவரை கருவாட்டுக் கூடை தூக்கியவள்.

"ஏனுங் மொதலாளி, எனக்கும் கூம்பு உடுங்க. ஊட்டுல ஒரு கூம்பு நின்னு போச்சுங்க."

மண்டிக்காரர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கிழவியைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். வைது தொலைத்தால் நாமும் வைதுவிட்டுப் போகலாம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஆம்பளச் சுமை தூக்கு கண்ணு. கூம்பு தன்னால வருது."

"தூக்கறனுங்க."

உப்பு மூட்டையைக் காட்டினார். மண்டி ஆள் ஒருவன் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனைக்கு யாரும் வரவில்லை. "இருக்குது" என்று சொல்வதற்குள் விழுந்து தொலைத்தால் யார் பொறுப்பு? அவளுக்குப் பக்கத்தில் நின்றதால் நான்தான் போய்ப் பிடித்தேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு துண்டை உருவினாள். அவள் புருஷனின் தலைப்பாகைத் துண்டு. அதைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தபோது பின்னாலிருந்து ஒருவர் "அய்யய்ய" என்றார். ஆணின் தலைப்பாகையைப் பெண் தலையில் வைப்பது எங்களில் வழக்கமில்லை. அவள் காதில் விழாத மாதிரி நின்றாள்.

"இருக்குதா?" என்றேன்.

பாதத்தை அகட்டி ஊன்றினாள். "இருக்குதுங்க."

வழி நெடுக வளைவுகளில் சுமை இறக்கி இளைப்பாற உயரமான பாறைகள் உண்டு. நாங்கள் இறக்கினோம். அவள் இறக்கவில்லை. பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூட்டையோடு நின்றாள்.

"எறக்கித்தான் நில்லேனக்கா. பாக்கற எங்களுக்கே தலை சுத்துது."

"எறக்குனா மறுக்கா ஏத்தி உடறதுக்கு உங்கள்ல எவன் வருவான்? காலைல நின்னீங்களே, கல்லாட்ட."

மறுநாள் காலை அவளுக்குக் கூம்பு வந்தது. மண்டிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்கு எனக்குத் திண்ணனூர்ப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அவர்கள் வீட்டு வழியாகப் போனேன். அக்கா முடிச்சை அவிழ்த்து உப்பை முறத்தில் கொட்டி, வீட்டுப் படியை எடுத்து, புருஷன் பார்க்கும்படி மறுபடியும் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். கூம்பு எழும்ப எழும்ப, படுத்திருந்தவர் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"பாத்தியா தம்பி, என்ர தலைப்பாகை மலையேறி எறங்கிக் கூலி வாங்கியாருது. நாந்தான் சோம்பேறியாட்டப் படுத்துக் கெடக்கறேன்" என்றார்.

அக்கா உடம்போடு திரும்பிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மண்டிக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் எப்படி மண்டிக்காரராக இருப்பார், நாம் எப்படிச் சுமைக்காரர்களாக இருப்போம்? கொஞ்ச நாள் அவள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கருவாட்டுக் கூடைக்காக நின்ற மற்றப் பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"அவளும் உங்களாட்டப் பொம்பளதானே கண்ணு? அவ தூக்கறா. நீங்க மட்டும் என்ன வெண்ணெய்ல செஞ்ச ஆளுங்களா?"

பெண்கள் பாய்ந்து வந்தார்கள். கட்டாயப்படுத்தி யாரும் தூக்க வைக்கவில்லை. கூம்பு வரும் என்ற ஆசை. என் மனைவியும் ஓடினாள், நானும் போ போ என்றேன். ஒரு வீட்டில் இரண்டு கூம்பு என்றால் சும்மாவா? சில நாள் கூம்பு வரவும் செய்தது. உப்பு மூட்டை எல்லாத் தலையிலும் ஏறிய பிறகு ஒரு காலையில், அக்காவின் படியில் எழும்பிய கூம்பு மேல் மண்டிக்காரரின் முன்கை இறங்கியது.

"மொதலாளி, நான் தூக்குனது ஆம்பளச் சுமைங்க."

"அது அப்ப. இப்பத்தான் எல்லாப் பொம்பளைங்களும் தூக்கறீங்களே. பொம்பளைங்க தூக்குனா அது பொம்பளச் சுமைதானே கண்ணு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை நினைவுபடுத்துகிற மாதிரிச் சொன்னார். அக்கா வழித்த படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்தவள் படிக்கும் முன்கை இறங்கியது, அதற்கடுத்தவள் படிக்கும் இறங்கியது. கருவாட்டுக் கூடை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அதெல்லாம் மூட்டையோடு சேர்த்துக் கட்டியாயிற்று என்று பதில் வந்தது.

ஆண்கள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் சிரிப்பு அடுத்த மழைக்குக்கூட நிற்கவில்லை. பெண்கள் வழித்த படிக்குத் தூக்குகிற சுமைக்கு ஆண்களுக்கு எதற்குக் கூம்பு? "வழிச்ச படி சம்மதமுன்னா நில்லுங்க, இல்லாட்டி உங்க இஷ்டம்" என்றார் மண்டிக்காரர். எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மீசை வைத்தவன் வழித்த படி வாங்குவானா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மொத்தமாக வெளியே வந்தோம். வெளியே வந்த பிறகுதான், வெளியே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. பெண்கள்தான் சுமந்தார்கள். நான் வீட்டில் பிள்ளையையும் சாமைக்காட்டையும் பார்த்துக்கொண்டேன். பின்னாளில் சண்டைக்குப் பட்டாளத்தில் ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றதற்கு இதுதான் காரணம். எழுதப் படிக்கக் கற்றதும் அங்கேதான். ஆனால் அது வெகுகாலம் கழித்து.

அப்போது எனக்கு அந்த அக்கா மேல் கோபமான கோபம். நான் பிடித்து ஏற்றிவிட்ட மூட்டை என் தலைச் சுமையையே பறித்துவிட்டதே என்று பொருமினேன். மண்டிக்காரர் மேல் வர வேண்டிய கோபம்தான். அவர் அடிவாரத்தில் இருந்தார், இவள் தினமும் எங்கள் பாதையில் நடந்தாள். ஒரு நாள் அவளிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் வீட்டுக்கே போனேன்.

வாசலில் நின்றபோது உள்ளே அவள் உப்பு அளந்துகொண்டிருந்தாள். புருஷன் கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூம்பு எழும்பியது. யாருக்கும் கூம்பு இல்லாதபோது இவளுக்கு மட்டும் எப்படி? உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் அளந்தது படியில் இல்லை, தேங்காய்ச் சிரட்டையில். வழித்த உப்பில் கொஞ்சம் சிரட்டையில் குவித்துக் காட்டிவிட்டு, மீதியை அவர் கண்ணுக்குத் தெரியாமல் பானையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"படி ஒடஞ்சு போச்சாம் தம்பி, செரட்டைலதான் அளக்கறா" என்றார் அவர். "ஊரெல்லாம் வழிச்ச படியாமா. என்ர பொண்டாட்டிக்கு மட்டும் இன்னும் கூம்புதான். அவ தூக்கற தூக்குக்கு மொதலாளியே பயப்படறாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாதே என்று கண் கெஞ்சியது.

"ஆமாங்க மாமா, அக்காளுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

பெண்களுக்கு அவள் மேல் இருந்த கோபம் அவ்வளவு சுலபமாகத் தணியவில்லை. யாரும் அவளோடு பேசவில்லை. அவளுக்குச் சுமை ஏற்றிவிடக் கை கொடுக்கவில்லை. மண்டியில் ஏற்றிவிட மண்டி ஆட்கள் இருந்தார்கள். மேலிருந்து இறங்கும் சுமைக்கு யார் இருக்கிறார்கள்? அவள் மூட்டையை உருட்டி உருட்டி ஒரு பாறைமேல் ஏற்றுவாள். கீழே குனிந்து தலையைக் கொடுப்பாள். பிறகு தானே "இருக்குதா?" என்று கேட்டு, தானே "இருக்குது" என்று சொல்லிக்கொண்டு எழுவாள். ஒரு நாள் இதைக் கேட்ட என் மனைவி பின்னால் நின்று சிரித்துவிட்டாள்.

"கேக்கறதும் நீயே, சொல்றதும் நீயே. உழுந்தா ஆரு மேலக்கா பழி?"

"என்ர மேலதான் கண்ணு. எல்லாப் பழியும் என்ர மேலதானே இருக்குது. இதையும் வெச்சுக்கறேன்."

அதிலிருந்து இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். என் மனைவி அவளுக்குக் கை கொடுத்தாள், மெல்ல மெல்ல மற்றவர்களும் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரத் துரையின் ஆட்கள் சங்கிலியும் கொடியுமாக அடிவாரத்தை அளக்க வந்தார்கள். மலைக்கு ரோடு போடப் போகிறார்கள் என்று பேச்சு. மண்டிக்காரர் பெண்களைக் கூட்டி வைத்து, தன் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுவது போலச் சொன்னாராம்.

"ரோடு வந்தா லாரி வரும். லாரி வந்தா உங்க தலைகளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அதுவரைக்கும் மொகங் கோணாமத் தூக்குங்க கண்ணுகளா."

"ரோடு வந்தா அதுக்கு மண்ணும் கல்லும் நாங்கதானுங்க தூக்கோணும்" என்றாளாம் அக்கா.

"அதுக்கும் வழிச்ச படிதான் கண்ணு" என்றாராம் அவர். எல்லாரும் சிரித்தார்களாம். இதை என்னிடம் சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள்.

இறங்கும் வழியில் ஓர் ஊற்று உண்டு. எல்லாரும் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம். அங்கே ஒரு காலையில் அக்கா தன் யோசனையைச் சொன்னாள்.

"நாளைக்கு மண்டில நாந்தான் மொதல்ல நிப்பேன். 'இருக்குதா'ன்னு கேட்டா 'எறக்கு'ம்பேன். எனக்குப் பின்னால நீங்களும் ஒவ்வொருத்தரா 'எறக்கு'ன்னு சொல்லிருங்க. ஆரும் வம்பு பண்ண வேண்டாம், சத்தம் போட வேண்டாம். அது நம்ம வழக்கந்தானே, அவருனால ஒண்ணும் கேக்க முடியாது. ஒரு மூட்டையும் ஏறலீன்னா மேல்கடை நின்னு போகும். அப்பக் கூம்பு தானா வரும், இல்லாட்டிக் கருவாட்டுக் கூடையாச்சும் வரும். நான் தூக்குனதுதானே உங்க எல்லாரு தலைலயும் ஏறுச்சு? நானே எறக்கறேன்."

எல்லாரும் சம்மதித்தார்கள். அது நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் மனைவி அப்போது காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். முந்தின நாட்களில் சுமைக்குப் போகாததால் அவளுக்கு வர வேண்டிய உப்பு எதுவும் இல்லை. அன்று விடியலில் உப்புப் பானைக்குள் தண்ணீர் ஊற்றி, விரலால் சுற்றித் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கூழில் ஊற்றினாள். பையன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான்.

"சொல்லிருவியா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேன். நேத்துப் பாக்க வந்த அக்காகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றாள். பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றைக்கு நானும் பையனைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். மண்டிக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இன்னும் சில ஆண்களும் வந்திருந்தார்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒன்றும் தெரியாதவர்கள் போல உட்கார்ந்துகொண்டோம்.

முதலில் முந்தின நாள் சுமைக்கு உப்பு அளந்தார்கள். முன்கை இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா தன் உப்பை மடியில் முடிந்துகொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றாள். துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். மண்டி ஆட்கள் இருவர் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள்.

"இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் கையை எடுக்கப் போனான்.

"எறக்குங்க."

அவனுக்குப் புரியவில்லை. மண்டிக்காரர் தலையைத் தூக்கினார்.

"என்ன கண்ணு?"

"கனமா இருக்குதுங்க. எறக்குங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதும் என் பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவு காலமாக அவள் விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் அதில் இருந்தது. மூட்டையை இறக்கினார்கள். மண்டிக்காரர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். அவர் முகம் எந்தப் போக்கும் போகவில்லை.

"கனமா இருந்தா எறக்கிர வேண்டியதுதான் கண்ணு. அதுதானே உங்க வழக்கம்? நீ ஊட்டுக்குப் போ. புருஷனைப் பாத்துக்க. நாளைலிருந்து வர வேண்டாம். அடுத்தது ஆரு?"

அடுத்தது என் மனைவி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த பையனைப் பார்த்தாள். பிறகு முன்னால் போய் நின்றாள். அதே மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். காய்ச்சல் கண்ட உடம்பு, சும்மாட்டுத் துணி வேறு நைந்து போனது. மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒதுங்கி நின்ற அக்கா சட்டென்று வந்து சரிந்த பக்கத்தைத் தாங்கினாள். தன் துண்டை என் மனைவியின் சும்மாட்டுக்கு மேல் செருகி, மூட்டையை நேராக்கினாள். கை வைத்தவர்தான் கேட்க வேண்டும்.

"இருக்குதா கண்ணு?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். சொல், சொல் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. சொன்னால் நாளைக்குப் பானையில் என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"இருக்குதுக்கா" என்றாள் என் மனைவி.

அக்கா கையை எடுத்தாள். "பாத்துப் போ" என்றாள்.

அதற்குப் பிறகு வரிசை முழுவதும் அதே கேள்வியும் அதே பதிலும்தான். அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. மடியில் ஒரு முடிச்சு உப்போடு மலைப் பக்கம் நடந்தாள். அவள் சுமையில்லாமல் அந்த ஏற்றத்தில் ஏறி நான் பார்த்ததே இல்லை. கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் போனாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதற்கு உடம்போடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். நாவல் மரம் வந்தது. வெறுந்தலை, குள்ளமான ஆள், கிளை வெகு உயரத்தில் இருந்தது. முழங்காலை மடித்து, தலை ஆடாமல் நேராகக் குனிந்து, அதற்கு அடியில் நுழைந்து போனாள்.